அந்த பில்லில் கையெழுத்துப் போட்டது யார்?

ஏழு சட்டமன்ற உறுப்பினர்களைச் சென்னையிலிருந்து தனி விமானத்தில் கோவாவுக்குக் கொண்டுபோய், கடற்கரை விடுதியில் ஐந்து இரவு தங்க வைத்து, வாக்கெடுப்புக்கு முதல் நாள் திரும்பக் கொண்டுவர எவ்வளவு செலவாகும்? இரண்டு நாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுமார் 42 லட்சம் ரூபாய் வருகிறது. தலைக்கு 6 லட்சம்.

எழுபது வயதைத் தாண்டியவனுக்கு இதென்ன வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். புதுவை அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். அதில் பாதிக்கு மேல் பயணப்படி பில் பார்க்கிற நாற்காலி. யாராவது எங்காவது போனார்கள் என்று செய்தி வந்தால், எதில் போனார்கள், எத்தனை நாள் தங்கினார்கள், யார் பணம் கட்டினார்கள் என்று மனசு தானாகவே கேட்கும். மற்றவர்கள் தொலைக்காட்சியில் விமானத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த விமானத்தின் பில்தான் கண்ணில் நிற்கிறது.

நம் நாட்டில் இந்த மாதிரிப் பயணங்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாக நடக்கின்றன. ஒன்றின் பில்லைக்கூட வாக்காளனாகிய நான் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையின் சண்டை அது ஒன்றுதான்.

பழசை ஒரு ஓட்டம் பார்த்துவிடுவோம். 1984ல் என்.டி. ராமாராவ் ஆட்சி கலைக்கப்பட்டபோது தன் உறுப்பினர்களைக் கர்நாடகத்தில் பத்திரப்படுத்தினார். ஒரே மாதத்தில் முதல்வர் நாற்காலி திரும்பக் கிடைத்தது. 1995ல் அவருடைய மருமகன் சந்திரபாபு நாயுடு ஐதராபாத்திலேயே ஒரு ஓட்டலில் உறுப்பினர்களை வைத்துக்கொண்டு மாமனாரை இறக்கினார். அப்போதெல்லாம் பேருந்தும் காரும் போதுமாக இருந்தன.

2017 பிப்ரவரியில் கூவத்தூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் சென்னைக்குப் போகிற வழிதான். அ.தி.மு.க. உறுப்பினர்கள் பத்து நாள் அங்கே இருந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிற அளவுக்குப் போயிற்று. பிப்ரவரி 18 அன்று 122க்கு 11 என்று வாக்கெடுப்பு முடிந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 22 அன்று தினகரன் அணியைச் சேர்ந்த 19 பேர் ஆளுநரைப் பார்த்துவிட்டு நேராக நம்ம ஊருக்கே வந்து சேர்ந்தார்கள். சின்ன வீராம்பட்டினத்துக் கடற்கரை விடுதியின் வாசலில் தொலைக்காட்சி வண்டிகள் வரிசையாக நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். பிறகு அங்கிருந்து குடகுக்குப் போனார்கள். செப்டம்பர் 18 அன்று 18 பேர் பதவி இழந்தார்கள். மறுவருஷம் அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. அந்த 18 தொகுதி மக்களும் 2019 இடைத்தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தார்கள்.

அப்புறம்தான் விமானம் பெரிதாக நுழைந்தது. 2019 ஜூலையில் கர்நாடக உறுப்பினர்கள் தனி விமானத்தில் மும்பைக்குப் போனார்கள். 2022 ஜூனில் மகாராஷ்டிரத்துச் சிவசேனா உறுப்பினர்கள் முதலில் சூரத், அங்கிருந்து தனி விமானத்தில் குவாஹாத்தி, பிறகு இன்னொரு தனி விமானத்தில் கோவா. அந்த வாரம் அசாமில் பெருவெள்ளம், லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசல் இழந்து முகாம்களில் இருந்தார்கள். மகாராஷ்டிரத்து உறுப்பினர்கள் அதே மாநிலத் தலைநகரில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் இருந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஜார்க்கண்ட் ஆளுங்கூட்டணி உறுப்பினர்கள் ராஞ்சியில் விமானம் ஏறி உட்கார்ந்து, பனிமூட்டத்தால் விமானம் கிளம்பாமல் இறங்கி, மறுநாள் திரும்ப ஏறி ஐதராபாத் போனார்கள்.

எந்தக் கட்சியையும் தனியாகக் குறிவைத்து நான் எழுதவில்லை. 2017 ஜூலையில் குஜராத் காங்கிரஸ் உறுப்பினர்கள் 44 பேர் பெங்களூரு பக்கத்து விடுதிக்குப் போனபோதும் குஜராத்தில் வெள்ளம்தான். பட்டியலை எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் தன் கட்சிப் பெயரை எங்காவது ஓரிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி கணக்கு. பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் கணக்கு வாத்தியார் வெறும் விடையை எழுதினால் சுழி போட்டுவிடுவார். வழியையும் காட்ட வேண்டும். வழியைக் காட்டுகிறேன்.

முதலில், லாஸ்பேட்டையிலிருந்து கிளம்ப முடியாது. நம் ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர்தான். விசிறி வைத்த ஏடிஆர் விமானம் இறங்கும். ஜெட் விமானங்கள் பலவற்றுக்கு அந்த நீளம் போதாது. ஆகவே காரில் சென்னை விமான நிலையம். எட்டு இருக்கை ஜெட் ஒன்று மும்பையில் நிற்கிறது, வாடகை மணிக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு உறுப்பினர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

போகும்போது: மும்பையிலிருந்து சென்னைக்குக் காலியாக 2 மணி நேரம், சென்னையிலிருந்து கோவாவுக்கு ஒன்றரை மணி, கோவாவிலிருந்து மும்பைக்குக் காலியாக 1 மணி. மொத்தம் நாலரை மணி, 13.50 லட்சம்.

திரும்பும்போது: அதே வழி, தலைகீழாக. 13.50 லட்சம்.

விமான நிலையக் கட்டணங்கள், தரையில் செய்யும் வேலைகள், விமானிகளின் செலவு: 1.50 லட்சம்.

இதுவரை 28.50 லட்சம். வாடகை விமானத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்: 5.13 லட்சம். ஆக விமானம் மட்டும் 33.63 லட்சம்.

விடுதி: உறுப்பினர்களுக்கும் கூட வந்தவருக்கும் 8 அறை, காவலுக்கு வருகிறவர்களுக்கு 4 அறை. சாப்பாட்டோடு நாளுக்கு 12,000 என்று 12 அறை, 5 இரவு: 7.20 லட்சம். அதற்கும் 18 சதவீதம் வரி: 1.30 லட்சம். ஆக 8.50 லட்சம்.

கூட்டினால் 42.13 லட்சம். கார் வாடகையும் பாட்டில் கணக்கும் இதில் சேரவில்லை.

இந்த பில்லை இன்னொரு தடவை பாருங்கள். விமானம் பறந்த 9 மணி நேரத்தில் ஆள் உட்கார்ந்திருந்தது 3 மணி நேரம்தான். மீதி 6 மணி நேரம் காலி இருக்கைகள் பறந்தன. அதற்கு மட்டும் 18 லட்சம். விமானத்தைக் கோவாவிலேயே ஐந்து நாள் நிறுத்தி வைத்தாலும் லாபமில்லை. சும்மா நிற்கிற நாளுக்கும் இரண்டு மணி நேர வாடகை குறைந்தபட்சம் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

சாதாரண விமானத்தில் எட்டுப் பேரும் போய்வர, தலைக்கு ஒரு வழிக்கு 7,000 என்று வைத்தாலும் 1.12 லட்சத்தில் முடிந்துவிடும். அதுவும் அதே வானத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில். அப்படியானால் மிச்சம் 32 லட்சம் எதற்கு? சாதாரண விமானத்தில் பக்கத்து இருக்கையில் தொகுதிக்காரர் யாராவது உட்கார்ந்துவிடலாம். "எங்க சார் போறீங்க, எங்க தெருவில் தண்ணி வரல" என்று கேட்டுவிடலாம். உறுப்பினருக்கே மனசு மாறி, பாத்ரூம் போய்வருகிறேன் என்று எழுந்து வெளியே போய் ஆட்டோ பிடித்துவிடலாம். தனி விமானத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கதவைச் சாத்துவதற்கான கூலிதான் அந்த 32 லட்சம்.

இந்தத் தொகை பெரிதா சிறிதா என்று தெரிந்துகொள்ள ஒரு அளவுகோல் சொல்கிறேன். சட்டமன்றத் தொகுதியில் ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று 2022ல் உயர்த்திய வரம்பு பெரிய மாநிலங்களில் 40 லட்சம், சிறியவற்றில் 28 லட்சம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, மனுத் தாக்கல் நாளிலிருந்து முடிவு வருகிற நாள் வரை ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் கணக்கு வைக்க வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். டீ என்ன விலை, வடை என்ன விலை, பிளாஸ்டிக் நாற்காலிக்கு நாள் வாடகை என்ன என்று தேர்தல் அலுவலகமே விலைப்பட்டியல் போடுகிறது. தேர்தல் வேலை பார்த்த நண்பர்களுக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம்.

முடிவு அறிவித்தாகிவிட்டது என்றால் அந்த நோட்டுப்புத்தகமும் மூடியாயிற்று. அதற்கு மறுநாளே அந்த வெற்றி வேட்பாளரை யாரோ ஒருவர் ஜெட்டில் ஏற்றிக்கொண்டு போகலாம். கேட்பதற்கு விண்ணப்பப் படிவம்கூடக் கிடையாது. வடைக்குக் கணக்கு உண்டு, விமானத்துக்குக் கணக்கு இல்லை.

இப்போது குமாஸ்தாவின் பக்கம் வாருங்கள். நம் ஆட்சிப் பகுதி நான்கு துண்டு. காரைக்கால் 130 கிலோமீட்டர். மாஹே அந்தக் கரையில். ஏனாம் ஆந்திரத்தில், காக்கிநாடா பக்கம். ஏனாமுக்கோ மாஹேவுக்கோ வேலையாகப் போய்வந்தவர் பயணப்படி பில் எழுதினால், எந்த மணிக்குக் கிளம்பினார், எந்த வகுப்பு, டிக்கெட் எண் என்ன, என்ன வேலைக்காகப் போனார், யார் உத்தரவு என்று அத்தனை கட்டத்தையும் நிரப்ப வேண்டும். அரசு விருந்தினர் விடுதியில் இலவசமாகச் சாப்பிட்டிருந்தால் தினப்படியில் பிடித்தம். பேருந்து டிக்கெட் ஒன்று குறைந்ததற்காக பில்லை மூன்று தடவை திருப்பி அனுப்பிய காலமும் உண்டு. அப்போது எங்களைத் திட்டினார்கள். பொதுப் பணம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் என் கட்சி.

அதைவிட முக்கியமானது, மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964. அதில் 13ஆம் விதி அன்பளிப்பு பற்றியது. நெருங்கிய உறவினரோ, அலுவல் தொடர்பு இல்லாத சொந்த நண்பரோ அல்லாத ஒருவர் தருகிற இலவசப் பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாமே அன்பளிப்புதான் என்று அந்த விதி தெளிவாகச் சொல்கிறது. புதுவை அரசு ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அது பொருந்தும். அலுவலகத்தில் ஃபைல் நகர வேண்டியிருக்கிற ஒருவர் என்னைக் காரில் கூட்டிக்கொண்டுபோய் ஊட்டியில் ஐந்து நாள் தங்க வைத்தால் எனக்கு மெமோ வரும், விசாரணை வரும், ஓய்வூதியத்தில்கூடக் கை வைப்பார்கள்.

நான் கையாண்டது இருநூறு, முந்நூறு ரூபாய் பில். உறுப்பினர் கையில் இருப்பது ஓர் அரசாங்கத்தையே வைக்கவும் இறக்கவும் கூடிய ஓட்டு. எனக்கு 13ஆம் விதி, அவருக்கு எந்த விதி?

லஞ்சச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சபையில் ஓட்டுப் போடப் பணம் வாங்கினாலும் சட்டமன்றச் சலுகை காப்பாற்றும் என்று 1998ல் வந்த தீர்ப்பை, 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தூக்கி எறிந்தது. நல்ல தீர்ப்பு. பெட்டியில் வருகிற பணத்துக்கு அது வழியை அடைத்தது. ஆனால் ஜெட்டையும் விடுதி அறையையும் யாரும் லஞ்சம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே. அது "பாதுகாப்பு", "ஓய்வு", "கலந்தாலோசனை".

இதற்கு மூன்று பதில் சொல்வார்கள்.

ஒன்று: எங்கள் ஆட்களை எதிராளி விலைக்கு வாங்கப் பார்க்கிறான், அதனால் பத்திரப்படுத்துகிறோம். நியாயம் மாதிரித்தான் தெரிகிறது. அடைத்து வைத்தால்தான் நேர்மையாக இருப்பார் என்று கட்சியே முடிவு செய்கிற ஒருவரை, நம்பி ஓட்டுப் போடுங்கள் என்று ஆறு மாதம் முன்னால் நம் வாசலுக்கு ஏன் கூட்டிக்கொண்டு வந்தார்கள்? சரி, பத்திரப்படுத்தட்டும். பத்திரப்படுத்திய செலவை யார் ஏற்றார் என்று சொல்வதில் எந்தப் பாதுகாப்பு கெட்டுப்போகும்?

இரண்டு: அது தனியார் பணம், அரசுப் பணம் இல்லை. நான் பயப்படுவதே அதற்குத்தான். அரசுப் பணமாக இருந்தால் தணிக்கைக்காரராவது ஒரு நாள் பார்ப்பார். எங்கள் பிரெஞ்சு வகுப்பில் "கி பே கொமாந்த்" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். பணம் கொடுக்கிறவன் சொல்கிறபடி நடக்க வேண்டும் என்று அர்த்தம். நம்முடைய பழமொழி இன்னும் ஆழம்: உப்பிட்டவரை உள்ளளவும் நினை. ஐந்து நாள் ஒருவர் உப்பைத் தின்றவர், அப்புறம் அவருடைய மதுக்கடை உரிமத்திலோ மனைப்பிரிவு அனுமதியிலோ எப்படி நிமிர்ந்து கேள்வி கேட்பார்? உப்பிட்டது யார் என்றாவது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

மூன்று: ஆயிரக்கணக்கான கோடி பட்ஜெட் போடுகிற நாட்டில் 42 லட்சம் ஒரு காசா? காசு இல்லைதான். ஆனால் யாரும் 42 லட்சத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பதில்லை. வியாபாரி முதல் போட்டால் திரும்ப எடுக்காமல் விடமாட்டான் என்பது நம் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

சரி, நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். ரொம்பச் சம்பந்தம் உண்டு. நம் சட்டமன்றம் 33 பேர். தேர்ந்தெடுத்தவர்கள் 30, நியமனம் 3. அத்தனை பேரையும் ஒரே ஏடிஆரில் ஏற்றினாலும் பாதி இருக்கைக்கு மேல் காலியாக இருக்கும். இவ்வளவு சின்னச் சபையில் இரண்டு பேர் நகர்ந்தால் ஆட்சி ஆடும். 1974 மார்ச்சில் பதவியேற்ற அமைச்சரவை மூன்று வாரம்கூட முழுசாகத் தாண்டித் தாண்டாமல் விழுந்தது, அதற்குப் பிறகு 1977 வரை நமக்குச் சட்டமன்றமே இல்லை. 2021ல் ஜனவரி 25லிருந்து பிப்ரவரி 21க்குள் ஆளுந்தரப்பில் ஆறு பேர் ஒவ்வொருவராக ராஜினாமா செய்தார்கள், 22ஆம் தேதி ஆட்சி போயிற்று. அப்போது யாரும் யாரையும் விமானத்தில் கொண்டுபோனதாக நான் சொல்லவில்லை. அப்படி ஒருவேளை நடந்தாலும் அதைக் கேட்பதற்கு நம் கையில் ஒரு காகிதமும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் நாற்பது பேரைத் தூக்க வேண்டும். இங்கே எட்டு இருக்கை ஜெட் ஒன்று போதும். மலிவான சபைக்குத்தான் காவல் அதிகம் வேண்டும்.

இந்த மண்ணுக்கு வேறொரு பழக்கமும் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, பிரெஞ்சு ஆட்சியா இந்தியாவோடு இணைப்பா என்று ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. அடுத்த மாதம் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. நான் அப்போது கைக்குழந்தை மாதிரி. பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். இரண்டு அரசாங்கங்களின் கண் அந்த ஓட்டின் மேல் இருந்தது. அது நடந்தது ஒரு கிராமத்தில். எதிராக ஓட்டுப் போட்ட எட்டுப் பேரின் எண்ணிக்கையும் மறைக்கப்படாமல் சரித்திரத்தில் நிற்கிறது. ஆகஸ்ட் 16ஆம் தேதி தோறும் தலைவர்கள் கீழூருக்குப் போய் நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள். மாலை போடுகிற கைகள் ஒரு படிவத்திலும் கையெழுத்துப் போடலாம் என்பதுதான் என் விண்ணப்பம்.

அந்தப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிவம் தயாரிப்பது எனக்குத் தெரிந்த தொழில். ஒரு பக்கம் போதும். உறுப்பினர் பெயர். எந்தத் தேதியில் எங்கே போனார். எந்த வாகனம். எந்த விடுதி, எத்தனை இரவு. பணம் கட்டியவர் பெயர். பில் எண், தொகை. கடைசியில் கையெழுத்து. திரும்பி வந்த ஏழு நாளுக்குள் சட்டமன்றச் செயலகத்தில் கொடுக்க வேண்டும். செயலகம் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சட்டமன்ற நடைமுறை விதிகளில் ஒரு விதி சேர்த்தால் போதும், டெல்லிவரை போக வேண்டியதில்லை.

கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. காகிதம் ஏற்கனவே இருக்கிறது. வாடகை விமானம் ஓட்டுகிற நிறுவனத்துக்கு அரசு உரிமம் உண்டு. ஏறுகிறவர்கள் பெயர்ப் பட்டியல் இல்லாமல் விமானம் கிளம்பாது. வரி பில்லில் வாடகைக்கு எடுத்தவர் பெயர் இருந்தே தீரும். விடுதியிலும் பதிவேடு உண்டு. நான் போட்டது உத்தேசக் கணக்கு. அசல் கணக்கு யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் ரூபாய் பைசா சுத்தமாக இருக்கிறது.

பணம் கட்டியது கட்சி என்றால் கட்சி வரவு செலவில் காட்டட்டும். தனியாள் என்றால் அன்பளிப்பு என்று எழுதட்டும். கம்பெனி என்றால் அதற்கும் சட்டமன்றத்துக்கும் என்ன வேலை என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாக்காளனுக்கு உண்டு என்று சொல்லித்தான் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. கட்சியின் பணப்பெட்டிக்கு உள்ள நியாயம் உறுப்பினர் ஏறுகிற விமானத்துக்கும் பொருந்தாதா?

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் உட்கார வைத்துக் காபி கொடுங்கள். குடித்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, நாளைக்கு உங்களை யாராவது விமானத்தில் கூட்டிக்கொண்டு போனால், அந்த பில்லை எங்களுக்குக் காட்டுவீர்களா?" காட்டுவேன் என்று சொல்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட்டு.